ஓடாத கடிகாரத்தில் கேட்ட சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆவி, பேய், முன்ஜென்மம் எதிலும் நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில்கூட இருந்ததில்லை. அமாவாசை உச்சிவேளையில் மொட்டைமாடிக்குப் போகாதே என்று அம்மா சொன்னால், வேண்டுமென்றே பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பேன். நான் படித்தது கருவியியல் பொறியியல். ஒரு சத்தம் கேட்கிறது என்றால் எங்கேயோ ஏதோ ஒன்று அசைய வேண்டும், அசையாமல் சத்தம் வராது, எனக்குத் தெரிந்த வேதம் இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பேய்க்கதை என்றால் ராத்திரி வேண்டும், கரண்ட் போக வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். இதில் அதெல்லாம் எதுவும் இல்லை. தில்லியில் பிப்ரவரி மாத மத்தியானம், எல்லோர் வீட்டு பால்கனியிலும் ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, காய்ந்துகொண்டிருக்கிற நேரம். கீழே பழைய பேப்பர்க்காரன் கத்திக்கொண்டு போகிறான். தலைக்கு மேலே விமானம் ஒன்று பாலம் விமான நிலையம் பக்கமாக இறங்குகிறது. அந்த வெளிச்சத்தில் நடந்தது இது.

மோதி பாக்கில் என் கணவருக்கு ஒதுக்கிய அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். அவர் அமைச்சகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே, பழைய பொருட்களை ஏலம் விடுகிற ஒரு நிறுவனத்துக்காகப் பழைய கைக்கடிகாரங்களைப் பார்த்துச் சொல்கிறேன். எந்த நாட்டு வாட்ச், எந்தக் காலத்தில் செய்தது, உள்ளே இருக்கிற இயந்திரம் அதோடு பிறந்ததா அல்லது பிறகு யாராவது மாற்றி வைத்ததா, இன்றைக்கு விற்றால் என்ன தேறும், இதுதான் வேலை. தாத்தா விட்டுப்போனது, மாமனார் கொடுத்தது என்று தெரிந்தவர்களும் கொண்டுவருவார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் இதில் கஷ்டமான பாகம். குடும்பமே பல வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பொருள், என் லென்ஸுக்குக் கீழே வந்ததும் ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்த முகங்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

அறையில் ஒரு டைமிங் மெஷின் வைத்திருக்கிறேன். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மைக் ஒன்று இருக்கும், வாட்சை அதன்மேல் இடுக்கிவிட்டால் உள்ளே ஓடுகிற டிக்டிக்கை அது கேட்கும். வாட்ச் வேகமாக ஓடுகிறதா, பின்தங்குகிறதா என்று திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு வரும். என்னிடம் இருப்பது பழைய மாடல், ஸ்பீக்கரும் உண்டு. வாட்சின் சத்தத்தைப் பெரிதாக்கி அறை முழுக்கக் கேட்கவைக்கும்.

அன்றைக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஒரு அம்மாவும் மகளும். அம்மாவின் பெயர் இசக்கியம்மாள், எழுபதைத் தாண்டியிருக்கும், பாளையங்கோட்டைக்காரர். தில்லியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டு என் பேரு எனக்கே மறந்துபோச்சும்மா, நீ எப்படி வேணாலும் கூப்பிடு" என்றார். மகள் ரேவதி, குர்கானில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, பிறந்ததே இங்கேதான். சிங்கப்பூருக்கு மாற்றல் வந்திருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். போகும்போது கையில் கட்டிக்கொண்டு போக அப்பாவின் வாட்ச் வேண்டும், தங்கம் என்பதால் விமான நிலையத்தில் தொந்தரவு வராமல் மதிப்புச் சான்று ஒன்றும் வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

ரேவதி கைப்பையிலிருந்து ஒரு வெல்வெட் பையை எடுத்தாள். "அப்பா சாணக்யபுரில எம்பஸி டிரைவரா இருந்தாரு அக்கா. ஒரு அம்பாசடர் ஊருக்குத் திரும்பிப் போறப்போ இத கழட்டி அப்பா கைல கட்டிவிட்டாராம். ப்யூர் கோல்டு, ஸ்விஸ். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதைய சொல்லாம விடமாட்டாரு."

அப்பாவின் பெயர் சங்கரலிங்கம். இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றாள். இசக்கியம்மாள் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாங்கிப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் இப்படிப்பட்ட நேரத்தில் அவசரப்படக்கூடாது என்று லென்ஸை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, எழுத்துக்கள் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகவில்லை. நிமிஷக் கோடு ஒரு பக்கம் இருக்கிறது, எண் ஒரு பக்கம் இருக்கிறது. பட்டை சேருகிற மூலையில் தங்கம் தேய்ந்து வெள்ளையாக வேறு உலோகம் எட்டிப்பார்க்கிறது, அதாவது முலாம். பின்மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கிற இயந்திரம் வேறு கம்பெனி, அளவு பத்தாமல் ஆடும் என்று ஒரு பித்தளை வளையத்தை வைத்து அதை இறுக்கியிருக்கிறார்கள். பழைய வாட்ச்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து நடைபாதைக் கடைகளில் விற்பார்களே, அந்த வகை. போதாததற்கு அது ஓடவும் இல்லை. பேலன்ஸ் வீல் என்று ஒரு சக்கரம் உண்டு, அது முன்னும் பின்னும் ஆடினால்தான் வாட்சுக்கு உயிர். அதன் அச்சு முறிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது மெதுவாகப் போய் விழாது.

ரேவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "மத்லப், இது நக்லியா? டூப்ளிகேட்டா? அப்போ அப்பா சொன்னது எல்லாம்?"

"அப்படிச் சொல்ல முடியாது" என்று நான் இழுத்தேன். "உங்க அப்பாகிட்ட ஒரு நல்ல வாட்ச் இருந்திருக்கலாம். இது அது இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"எல்லார்கிட்டயும் சொன்னாரே அக்கா. என் கல்யாணத்துல, சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்டகூட."

அப்போதுதான் இசக்கியம்மாள் வாயைத் திறந்தார்.

"அவிய பொய் சொல்லல ரேவதி. அந்தத் தொரை குடுத்தது நெசம். இது அந்த வாட்ச் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

ரேவதி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நீ அப்போ சின்னப் புள்ள. ஆச்சிக்கு முடியலன்னு பாளையங்கோட்டைல இருந்து போன் வந்துச்சு. ரயில்ல போனா போய்ச் சேரமுன்ன எல்லாம் முடிஞ்சிரும்னு மாமா சொல்லிட்டான். நான் அழுதுக்கிட்டே டியூட்டிக்குப் போறேன். மறுநா காலைல அவிய பிளேன் டிக்கெட்டோட வந்து நிக்காவ. எம்பஸில ஏற்பாடு பண்ணிக் குடுத்தாங்கன்னு சொன்னாவ. அந்தக் காலத்துல டிரைவருக்கும் நர்ஸுக்கும் பிளேன் எங்க கெடக்கு. நானும் நம்பிட்டேன். அம்மாவ உயிரோட பாத்துட்டேன். என் கையால ரெண்டு கரண்டி கஞ்சி குடுத்தேன். அன்னைக்கு சாயங்காலந்தான் போனா."

என் கையில் இருந்த வாட்சைப் பார்த்தபடி தொடர்ந்தார். "திரும்பி வந்த பொறவு ஒருநா அவிய கை என் தலைமாட்டுல கெடந்துச்சு. வாட்ச் சத்தம் காதுல விழுது. பழசு சிட்டுக்குருவி மாதிரி குடுகுடுன்னு ஓடும். இது மாடு நடக்க மாதிரில்லா நடக்குன்னு நெனச்சேன். அப்பதான் டிக்கெட்டு எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சுது. எனக்குத் தெரியக்கூடாதுன்னு அதே மாதிரி ஒண்ண எங்கயோ தேடிப் பிடிச்சு கெட்டிக்கிட்டாவ."

"நீ அப்பாகிட்ட கேக்கவே இல்லையாம்மா?"

"எதுக்குக் கேக்கணும்? நான் தெரியாத மாதிரி இருந்தாத்தான அவியளுக்குச் சந்தோசம். அந்தக் கதைய சொல்றப்பல்லாம் என்னைய ஒரு பார்வ பாப்பாவ. நானும் ஆமாம்னு தலைய ஆட்டிருவேன்."

ரேவதி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக எத்தனையோ வாட்ச்களை ஒட்டுப்போட்டது என்று சொல்லித் தள்ளியிருக்கிறேன். இதைத் தள்ள வாய் வரவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து கீழே ஹார்ன் சத்தம், காவல்காரர் வேறு மேலே பார்த்துக் கூப்பிடுகிறார், ரேவதியின் கார் யாருடைய வண்டியையோ மறித்து நிற்கிறதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

அறையில் நானும் இசக்கியம்மாளும்தான். ஏதோ கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக, பின்மூடியை மூடி வாட்சை மைக்கின்மேல் இடுக்கினேன். ஓடாத வாட்சை அதில் வைப்பதில் அர்த்தமே இல்லை என்று எனக்கே தெரியும். மெஷினைப் போட்டதும் ஸ்பீக்கரில் வழக்கமான இரைச்சல் வந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது.

டிக்டிக் இல்லை. ஈரத்துணியைத் தரையில் மெல்லத் தட்டுவதுபோல, இரட்டை இரட்டையாக, கனமாக, மெதுவாக. எந்த வாட்சும் அவ்வளவு மெதுவாக ஓடாது. திரையில் கோடே விழவில்லை, இது என்ன வேகம் என்று மெஷினுக்குப் புரியவில்லை. ஏதோ மின்சாரக் கோளாறு என்று நினைத்து வயரைத் தொடப்போனேன். எதிரே இசக்கியம்மாளின் விரல் மேஜையைத் தட்ட ஆரம்பித்திருந்தது.

சத்தத்தோடு சேர்ந்து தட்டினார். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போயிற்று. திடீரென்று அவர் விரல் அந்தரத்தில் நின்றது. ஸ்பீக்கரிலும் ஒரு துடிப்பு விட்டுப்போயிற்று. அடுத்த துடிப்பு தடால் என்று விழுந்தபோது அவர் விரலும் அழுத்தமாக விழுந்தது. மறுபடியும் அதேபோல. நன்றாகக் கவனியுங்கள், சத்தம் நின்ற பிறகு அவர் விரலை நிறுத்தவில்லை, முதலில் விரல்தான் நின்றது. எங்கே விட்டுப்போகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"அவியளுக்கு நெஞ்சு இப்படித்தான் அடிக்கும்" என்றார், என்னவோ தண்ணீர் கேட்பதுபோல, ரொம்ப சாதாரணமாக. "கல்யாணம் ஆன புதுசுல பயந்துபோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பொறவியிலயே சிலருக்கு இப்படி இருக்கும், ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாரு. ஒண்ணு தப்பும், அடுத்தது கனமா விழும். இத்தன வருசம் அதுல தலைய வச்சித்தான தூங்கினேன்."

ஆனாலும் நான் படித்த படிப்பு சும்மா விடுமா? மேஜையிலிருந்து கையை எடுங்கள் அம்மா என்றேன், எடுத்தார், சத்தம் நிற்கவில்லை. என் கையையும் எடுத்தேன், நாற்காலியைப் பின்னால் தள்ளி நின்றேன். விளக்கை அணைத்தேன். சமையலறைக்கு ஓடிப்போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன். தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று ஜன்னலில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. வாட்சை எடுத்தால் சத்தம் நின்றது. என் மேஜையில் இருந்த வேறொரு வாட்சை வைத்தேன், அதன் டிக்டிக் சுத்தமாகக் கேட்டது. சங்கரலிங்கத்தின் வாட்சைத் திரும்ப வைத்தேன். ஸ்பீக்கரில் மறுபடி அந்த நெஞ்சு அடித்தது. கடைசியாகப் பின்மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தேன். அச்சு முறிந்த சக்கரம் அப்படியே சாய்ந்து கிடக்கிறது. உள்ளே எதுவும், நம்புங்கள், எதுவுமே அசையவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ரேவதி மேலே வந்தாள். வாசலிலேயே நின்று கேட்டாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அரே, ஓடுதா அக்கா? ஓடாதுன்னு சொன்னீங்களே."

அவளுக்கும் கேட்டிருக்கிறது. நானும் அந்த அம்மாவும் மட்டும் ஏதோ மனப்பிரமையில் கேட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கியம்மாள் முந்திக்கொண்டார். "மெசினு சத்தம்டி. வாட்ச் ஓடல, ரிப்பேர் பண்ணணுமாம்" என்று சொல்லிவிட்டு, கணவரின் கதைக்கு அத்தனை வருஷம் தலையாட்டிய அதே முகத்தோடு என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மெஷினை அணைத்தேன்.

பழுது பார்க்க முடியுமா, அதற்கு அச்சு கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று வாட்சை வாங்கி வைத்துக்கொண்டேன். அச்சை மாற்றினால் பழைய இயந்திரம் இயந்திரமாக ஓடத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு இந்தச் சத்தம் இருக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரேவதி முன்னால் இறங்கியபோது இதை அந்த அம்மாவிடம் மட்டும் கிசுகிசுத்தேன். "யோசிச்சு சொல்லுதேம்மா" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அவர்கள் போனபிறகு வாட்சை மறுபடி வைத்துப் பார்த்தேன். வெறும் இரைச்சல். அடுத்த நாளும் வைத்தேன், அதற்கு அடுத்த நாளும் வைத்தேன். அலுவலகத்திலிருந்து வந்த என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டேன், ஒன்றும் இல்லை. "நீ சரியா தூங்கறியா?" என்றுதான் அவர் கேட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாவின் நாடித்துடிப்புதான் தரை வழியாகவோ மேஜை வழியாகவோ மைக்குக்கு ஏறியிருக்க வேண்டும், கையை எடுத்தபிறகும் நாற்காலி மேஜையைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கும், விரலால் தட்டியதும் அவர் துடிப்புதான், அதனால்தான் அத்தனை பொருத்தம். இப்படி ஒரு விளக்கத்தை நானே தயார்செய்து, அதில் ஓரளவு சமாதானமும் ஆகிவிட்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் இசக்கியம்மாள் தனியாக வந்தார். அவர்கள் வீடு இருக்கிற லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார், மகளுக்குத் தெரியாது. மூச்சு வாங்க உட்கார்ந்து, முதலில் ஆட்டோக்காரரைப் பற்றிக் குறை சொன்னார். பிறகு, "ரிப்பேர் பண்ணிரும்மா" என்றார்.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"புள்ள ஆசையா இருக்கா. அப்பா வாட்ச் கைல ஓடணும்னு சொல்லுதா. நான் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு அத நிறுத்தி வச்சா அவியளுக்கே பிடிக்காது. ஒருதரம் மட்டும் போட்டுக் காட்டுதியா?"

இத்தனை நாள் வராதது இன்றைக்கு மட்டும் எப்படி வரும், ஏமாந்துவிடுவாரே என்று பயந்துகொண்டுதான் மெஷினைப் போட்டேன். உடனே வந்தது. காத்திருந்தது மாதிரி வந்தது.

இந்தத் தடவை விடக்கூடாது என்று, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, இது உங்க துடிப்பா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை மேஜையிலிருந்து நன்றாகப் பின்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, என் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில், நாடி கிடைக்கிற இடத்தில் வைத்து அழுத்தினார். எத்தனை ஆயிரம் பேருக்கு அப்படிப் பார்த்திருப்பாரோ. அவர் நாடி சின்னதாக, சீராக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் இருந்தது அது இல்லை. அது மெதுவாக, கனமாக, நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் விரலில் ஒருவர், காதில் ஒருவர். என்னுடைய விளக்கம் அத்தோடு முடிந்தது.

"போதுமா?" என்று சிரித்தார். "நீ போய் ஒரு காப்பி போட்டுக் கொண்டாயேன். நான் செத்த நேரம் இருக்கேன்."

தனியாக விடச் சொல்கிறார் என்று புரிந்தது. சமையலறைக்குப் போய் வேண்டுமென்றே மெதுவாக டிகாக்ஷன் இறக்கினேன், பாலை மெதுவாகக் காய்ச்சினேன். அறையிலிருந்து அவர் ஏதோ பேசுவது லேசாகக் கேட்டது, என்ன என்று கேட்கவில்லை, கேட்க முயற்சி செய்யவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சும் நின்றுவிட்டது.

நான் தட்டில் டம்ளர்களோடு திரும்பி வந்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். நாற்காலியை மறுபடி முன்னால் நகர்த்தி, மேஜையில் கையை மடக்கி, அதன்மேல் தலையைச் சாய்த்து, மைக்குக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி வாயை லேசாகத் திறந்தபடி ஆழ்ந்த தூக்கம். ஜன்னல் வெயில் அவர் நரைமுடியில் விழுந்திருந்தது. ஸ்பீக்கரில் சத்தம் இன்னும் மெதுவாகியிருந்தது. நம் பக்கத்தில் யாராவது நிம்மதியாகச் சாய்ந்துகொண்டால் நாமும் மூச்சை மெதுவாக விடுவோம் இல்லையா, அப்படி இருந்தது. எனக்குப் பயமே இல்லை. அந்த நேரத்தில் அந்த அறையில் இருந்த அமைதியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

சத்தமில்லாமல் வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன். தட்டு சாய்ந்துவிட்டது. ஒரு எவர்சில்வர் டம்ளர் நழுவி மொசைக் தரையில் விழுந்து, கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு சுவர்வரை உருண்டுபோயிற்று. செத்தவனையும் எழுப்புகிற சத்தம் என்று சாதாரணமாகச் சொல்வோமே, அந்த வார்த்தையை அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை.

இசக்கியம்மாள் அசையவில்லை. அவர் இமைகூட ஆடவில்லை, அவ்வளவு ஆழ்ந்த தூக்கம்.

ஸ்பீக்கரில் இருந்த நெஞ்சு திடுக்கிட்டது.

எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. ஒரு துடிப்பு அப்படியே நின்று, அடுத்தது இடித்துக்கொண்டு எழுந்து, அதன்பிறகு பட படவென்று அடித்தது. தூக்கத்தில் இருக்கிறவர் பக்கத்தில் விழித்துக்கொண்டு காவல் இருப்பவருக்குத் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் அடிக்குமே, அப்படி அடித்தது. தட்டைப் பிடித்தபடி வாசலில் உறைந்துபோய் நின்றேன். யார் வந்தது என்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அந்த அறையில் என்னைப் பார்க்க யாருமில்லை. "ஒண்ணுமில்ல, டம்ளர்தான்" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கிற்று. பழையபடி மெதுவாக அடிக்கத் தொடங்கிற்று.

அந்த அம்மா வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார். தூங்கிவிட்டேனா என்று வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஆறிப்போன காப்பியைச் சுடவைத்துக் கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மெஷினின் சுவிட்சைத் தானே கையை நீட்டி அணைத்தார். வாட்சைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

புது அச்சு போட்டதும் வாட்ச் நன்றாக ஓடியது. மெஷினில் வைத்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை ஸ்கேல் வைத்துப் போட்டதுபோலக் கோடு நேராக வந்தது, டிக்டிக் மட்டும்தான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. மதிப்புச் சான்று எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ரேவதி அதைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு சிங்கப்பூர் போனாள். அங்கே யாராவது கேட்டால் ஒரு தூதர் அப்பாவுக்குக் கொடுத்தது என்றுதான் சொல்கிறாளாம். இசக்கியம்மாள் எப்போதாவது போன் பண்ணுவார், அந்த ஊர் வெக்கையைப் பற்றிப் பேசுவார், அங்கே கறிவேப்பிலை கிடைப்பதைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

என் கணவரிடம் மற்றதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தனை வருஷம் ஒரு மனுஷனின் கையில் கிடந்த உலோகம், அவருடைய துடிப்பு அதில் எப்படியோ பதிந்திருக்கும், டேப்பில் பாட்டுப் பதிகிற மாதிரி, விஞ்ஞானம் ஒருநாள் கண்டுபிடிக்கும் என்றார். நல்ல விளக்கம்தான். அதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை.

ஆனால் டேப்பில் பதிந்த பாட்டு, பக்கத்தில் பாத்திரம் விழுந்தால் திடுக்கிடாது. டம்ளர் விழுந்ததை மட்டும் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் இப்போது எதை எடுத்துக்கொண்டு போனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். மேஜையில் ஓடாத வாட்ச் ஏதாவது கிடந்தால், காப்பியை அங்கே வைக்காமல் வாசலிலேயே நின்று குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.